கதவடைத்த தாய்வீடு

வரலாற்றுப் பாடத்தில் நெப்போலியனின் கதையைச் சொல்லும் ஆசிரியர் எவரும் அவரைச் செயின்ற் ஹெலினாத் தீவில் இறக்கிவிட்டே கதையை முடிப்பர். வாட்டர்லூவிலே தோற்றார், 1815ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் அத்தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார், 1821ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி அங்கேயே உயிர்நீத்தார். அத்துடன் மணியும் அடிக்கும், புத்தகமும் மூடப்படும். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தேன். ஒருநாள் பின்வாங்கிலிலே இருந்த மாணவனொருவன் எழுந்து, “சேர், நெப்போலியன் செத்தாப்பிறகு அந்தத் தீவிலை ஆர் இருக்கினம்? அவையள் எந்த நாட்டுச் சனம்?” என்று கேட்டான். “பிரித்தானியர்” என்று தயக்கமின்றி விடை சொன்னேன். அவன் விடவில்லை. “அப்பிடியெண்டால் அவையள் நினைச்சவுடனை லண்டனுக்குப் போய் இருக்கலாமோ, சேர்?”

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று கூறித் தப்பிக்கொண்டேன். ஆசிரியத் தொழிலிலே இவ்வாறு தப்பிக்கொண்ட கேள்விகளே பின்னர் நம்மை உறங்கவிடாமற் செய்கின்றன. தேடிப் படித்தபோது, ஒரு சிறு தீவின் மக்களுக்கு ஒரு பேரரசு கொடுத்த வாக்கும், அவ்வாக்கு ஓசையின்றி எடுக்கப்பட்ட விதமும், அது மீண்டும் கொடுக்கப்பட்ட காரணமும் தெரியவந்தன. கடவுச்சீட்டு என்பது என்ன, பிரசாவுரிமை என்பது என்ன என்று நாம் எண்ணிப் பார்ப்பதற்கு இதனிலும் தெளிவான ஓர் உதாரணம் கிடைப்பது அரிது.

தீவும் அதன் மக்களும்

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தொலைவில், 122 சதுரக் கிலோமீற்றர் பரப்புடையதாய்க் கிடக்கும் எரிமலைப் பாறையே செயின்ற் ஹெலினா. தலைநகர் ஜேம்ஸ்ரவுண். இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 4,400 பேர். நம்மூர்ப் பெரிய கல்லூரிகள் இரண்டின் மாணவர் தொகை இதனை எட்டிவிடும்.

போர்த்துக்கேயர் இத்தீவைக் கண்டது 1502ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி என்பது மரபு. 1659இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி அங்கே குடியேற்றம் அமைத்தது. சூயெஸ் கால்வாய் 1869இல் திறக்கப்படும்வரை, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கிலாந்துக்குத் திரும்பிய கப்பல்களுக்கு நீரும் மரக்கறியும் கொடுத்த இடைத்தரிப்பு அதுவே. நம் நாட்டுக் கறுவாவும் அக்கடல் வழியாகவே இங்கிலாந்து சென்றது. பிற்காலத்திலும் அத்தீவுக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டாயிற்று. போவர் யுத்தத்திலே பிடிபட்ட கைதிகளை ஆங்கிலேயர் 1900ஆம் ஆண்டு முதல் சிறைவைத்த இடங்களுள் ஒன்று செயின்ற் ஹெலினா. மற்றொன்று நமது தியத்தலாவை.

இன்றைய தீவு மக்கள் ஓரினத்தவர் அல்லர். ஆங்கிலக் குடியேறிகள், மடகஸ்காரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனக் கூலிகள், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆபிரிக்கர் ஆகிய பலரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களது மொழி ஆங்கிலம். சமயம் பெரும்பாலும் ஆங்கிலத் திருச்சபை. கொடி பிரித்தானியக் கொடி. வேறொரு நாட்டைத் தாய்நாடு என்று அவர்கள் எண்ணியதில்லை. அத்தீவுக்கு வேறு ஆதிக்குடிகளும் இருந்ததில்லை.

அரசன் கொடுத்த வாக்கு

1673ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இத்தீவைக் கைப்பற்றினர். சில மாதங்களுள் ஆங்கிலேயர் அதனை மீட்டனர். மீட்ட தீவைக் காத்து நிற்பதற்குக் குடிகள் வேண்டுமன்றோ? ஆகவே அவ்வாண்டு டிசெம்பர் மாதம் இரண்டாம் சாள்ஸ் மன்னர் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வழங்கிய சாசனத்திலே ஒரு வாக்கும் சேர்க்கப்பட்டது. அத்தீவில் வாழ்வோரும், அங்கே பிறக்கும் அவர்தம் பிள்ளைகளும், இங்கிலாந்து மண்ணிலே பிறந்தவர்கள் போலவே சகல உரிமைகளையும் அனுபவிப்பர் என்பதே அதன் சாரம்.

அச்சாசனம் எழுதப்பட்ட காலத்தில் தீவிலே அடிமைகளும் இருந்தனர். மன்னரின் பேனா அவர்களை எண்ணி எழுதவில்லை என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயின் அடிமைத்தனம் ஒழிந்து, அனைவரும் ஒரே மக்களாய்க் கலந்த பின்னர், அச்சாசனம் அனைவர்க்கும் பொதுச்சொத்தாயிற்று. தீவு மக்கள் அதனைத் தங்கள் வீட்டு உறுதி போலப் போற்றி வந்தனர். உறுதியைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டால் காணி போகாது என்று நம்புவது நம்மூர் வழக்கமும் அன்றோ? நம்பியது தவறென்று ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின்னர்தான் தெரிந்தது.

கடவுச்சீட்டு சொல்லும் இரு செய்திகள்

இங்கே ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு இரு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, இவரைப் பிறநாட்டிலே பாதுகாக்கும் பொறுப்பு எந்த அரசினது என்பது. மற்றது, வேறெந்த நாடும் ஏற்காவிடினும் இவர் சென்று தங்குவதற்கு எந்த நாட்டின் வாசல் திறந்திருக்கும் என்பது. சுதந்திர நாடுகளிலே இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆதலின் நாம் அவற்றைப் பிரித்து எண்ணுவதில்லை. சார்புப் பிரதேசங்களிலேதான் இவ்விரண்டும் தனித்தனியே பிரிகின்றன. அங்கே ஒருவர் ஒரு நாட்டின் பெயரைச் சுமப்பார். ஆயின் அந்நாட்டினுள் நுழைந்து வாழ்வதற்கு அவருக்கு உரிமை இராது. சட்ட நூலார் அவ்வுரிமையை வதிவுரிமை என்பர்.

1948ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியச் சட்டம் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. சுதந்திரம் பெற்ற பொதுநலவாய நாடுகளை அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அப்பட்டியலிலே இலங்கையும் ஒன்று. எஞ்சிய குடியேற்ற நாடுகளின் மக்கள் அனைவரையும் இங்கிலாந்து மக்களோடு சேர்த்து, ‘ஐக்கிய இராச்சியத்தினதும் குடியேற்ற நாடுகளினதும் பிரசை’ என்ற ஒரே பெயரால் அழைத்தது. இலண்டன் நகரத்துப் பிரபுவும் ஜேம்ஸ்ரவுண் மீனவனும் சட்டத்தின் முன் ஒரே பிரசை. இருவரும் இங்கிலாந்திலே தங்கலாம், தொழில் செய்யலாம். 1673ஆம் ஆண்டு வாக்கு அப்போதும் உயிரோடிருந்தது.

படிப்படியாக மூடிய கதவு

முதலில் வந்தது 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவருவோர் சட்டம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாக்கிஸ்தானிலிருந்தும் மக்கள் வந்து குடியேறுவதைக் கண்டு அஞ்சிய பிரித்தானியப் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றியது. இங்கிலாந்திலே பிறவாதவராயும், கடவுச்சீட்டைக் குடியேற்ற நாட்டு அரசாங்கத்திடம் பெற்றவராயும் இருப்பவர், பிரசையேயாயினும், குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்படுவார் என்று அச்சட்டம் விதித்தது. செயின்ற் ஹெலினாவிலிருந்து எவரும் திரள்திரளாக இங்கிலாந்து சென்றதில்லை. செல்வதற்குத் தீவிலே திரள் என்றொன்று இருந்ததுமில்லை. எனினும் சட்டம் அவர்களையும் பிடித்துக்கொண்டது.

1968இல், கென்யாவிலிருந்து வெளியேறிய ஆசிய வம்சத்தவரைத் தடுப்பதற்காக இன்னொரு சட்டம் அவசரமாக இயற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் வதிவுரிமையைப் பிறப்போடும் பாட்டன் பாட்டி பிறந்த இடத்தோடும் கட்டிவைத்தது. இதன் விளைவு விசித்திரமானது. அவுஸ்திரேலியா சுதந்திர நாடு. அந்நாட்டுப் பிரசை ஒருவரின் தாய் இங்கிலாந்திலே பிறந்தவராயின் அவருக்கு அங்கே வதிவுரிமை உண்டு. செயின்ற் ஹெலினாவோ பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட மண்; அங்கே ஏழெட்டுத் தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்தவருக்கு அவ்வுரிமை இல்லை!

உரிமை முதலிற் போயிற்று. பெயர் பின்னர் போயிற்று. 1981ஆம் ஆண்டின் பிரித்தானியத் தேசியச் சட்டம் 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, பழைய ஒரே பிரசாவுரிமை மூன்றாகப் பிளக்கப்பட்டது. முதல்வகையினர் ‘பிரித்தானியப் பிரசை’, வதிவுரிமை இவர்களுக்கே. இரண்டாம் வகையினர் ‘பிரித்தானியச் சார்புப் பிரதேசப் பிரசை’. மூன்றாம் வகையினர் ‘பிரித்தானியக் கடல்கடந்த பிரசை’. செயின்ற் ஹெலினா மக்கள் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டனர். அவர்களது கடவுச்சீட்டின் அட்டையிலே அரச இலச்சினை இருந்தது. உள்ளேயோ அவ்விலச்சினைக்குரிய நாட்டில் வாழும் உரிமை இருக்கவில்லை. மூன்று நூற்றாண்டு நட்பைத் துண்டித்த அச்சட்டத்திலே 1673ஆம் ஆண்டுச் சாசனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாக்கை மறுப்பதற்குக்கூட அதனை நினைவுகூர வேண்டும். அவர்கள் நினைவுகூரவே இல்லை.

சுறாவுக்கு விரித்த வலை

இவ்வளவு சிறிய மக்கட் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய தடை எதற்கு? விடை, உலகின் மறுபுறத்திலே இருந்தது. சார்புப் பிரதேசங்களுள் மிகப் பெரியது ஹொங்கொங். அங்கே 1981இல் ஐம்பது இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். சார்புப் பிரதேசப் பிரசைகள் மட்டுமே முப்பது இலட்சம் அளவினர். அப்பிரதேசத்தின் பெரும்பகுதியைச் சீனாவிடமிருந்து பெற்ற குத்தகை 1997இல் முடிவடையவிருந்தது. அன்று அம்மக்கள் அனைவரும் கப்பலேறி வந்துவிடுவரோ என்ற அச்சம் இலண்டனைப் பிடித்திருந்தது. ஹொங்கொங்குக்கு மட்டும் கதவை அடைத்தால் அநீதி வெளிப்படையாகத் தெரியும். ஆதலின் எல்லோருக்கும் அடைத்தனர்.

கடலோரத்திலே பிறந்தவர்களுக்கு இது விளங்கும். வலையை விரித்தது சுறாவுக்கு, அகப்பட்டது நெத்தலி. வலையை விரித்தவனுக்கு நெத்தலிமீது பகையில்லை. அது அங்கே இருந்ததையே அவன் எண்ணவில்லை. பகையினால் விளையும் தீங்கைவிட மறதியினால் விளையும் தீங்கு சிறிதென்று சொல்ல முடியுமா?

அதே முத்துநதி முகத்துவாரத்தின் மறுகரையில் இருந்த மக்காவோவைப் பாருங்கள். அங்கே ஆண்ட போர்த்துக்கல், 1981ஆம் ஆண்டு நவம்பருக்கு முன்னர் அம்மண்ணிலே பிறந்தவர்களைத் தன் முழுப் பிரசைகளாகவே ஏற்றது. எண்ணிக்கை சிறியது என்பது உண்மை. ஆயின் செயின்ற் ஹெலினாவின் எண்ணிக்கை அதனினும் மிகச் சிறியதன்றோ?

விதிவிலக்கும் இல்லாமலில்லை. ஐரோப்பாவின் ஓரத்திலுள்ள ஜிப்ரோல்ட்டர் மக்கள் விண்ணப்பித்தாற் பிரித்தானியப் பிரசாவுரிமை பெறலாம் என்று அச்சட்டத்திலேயே வழிசெய்யப்பட்டது. போக்லாந்துத் தீவுகளில் 1982இல் யுத்தம் மூண்டது. அதன் மறுவருடமே, இரண்டாயிரத்துக்கும் குறைந்த அத்தீவினர்க்குத் தனிச்சட்டமொன்றால் முழுப் பிரசாவுரிமை அளிக்கப்பட்டது. இவ்விரு பிரதேசத்தவரும் பெரும்பாலும் வெண்ணிறத்தவர் என்பதைச் செயின்ற் ஹெலினா மக்கள் காணாமலிருக்கவில்லை. நிறமே காரணம் என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாதவற்றையும் பாதிக்கப்பட்டவன் வாசிக்கிறான்.

கதவோடு மூடிய தொழில்

இவையெல்லாம் காகிதத்து விவகாரம் என்று எண்ணிவிடலாகாது. தீவின் முக்கிய தொழிலாய் நெடுங்காலம் இருந்தது, நியூசிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகை நார்ச்செடியைப் பயிரிட்டுக் கயிறு திரிக்கும் தொழில். பிரித்தானியத் தபாற் சேவை கடிதக் கட்டுகளைக் கட்டுவதற்கு அந்நாரையே வாங்கியது. 1960களின் நடுப்பகுதியில் அச்சேவை செயற்கை நூலுக்கு மாறியது. 1966இல் ஆலைகள் மூடப்பட்டன. இலண்டனிலே ஓர் எழுதுவினைஞர் கயிற்றை மாற்றினார். தென் அத்திலாந்திக்கிலே ஒரு தீவின் அடுப்பு அணைந்தது. கதவு மூடி நான்காண்டுகளில் தொழிலும் மூடிற்று.

வேலையற்ற மக்கள் எங்கே போவர்? இங்கிலாந்து செல்லத் தடை. ஆகவே ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் வடமேற்கிலுள்ள அசென்சன் தீவின் இராணுவ, தொலைத்தொடர்பு நிலையங்களிலும், 1982ஆம் ஆண்டு யுத்தத்தின் பின் போக்லாந்திலும் ஒப்பந்த வேலை தேடிச் சென்றனர். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுத் தாய் தந்தையர் ஆண்டுக்கணக்காய் வெளியே உழைப்பது அத்தீவின் வாழ்க்கை முறையாயிற்று. இன்று மத்தியகிழக்கு நாடுகளுக்குத் தாய்மாரை அனுப்பிவிட்டு வாழும் நம்நாட்டுக் குடும்பங்களை அறிந்தோர்க்கு அத்துயரை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அசென்சனிலேயும் அவர்களுக்கு வேர்விட முடியாது. அத்தீவில் எவர்க்கும் வதிவுரிமை இல்லை. வேலையுள்ளவரை இருக்கலாம், வேலை முடிந்தால் வெளியேற வேண்டும். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் விதி அதுவே. உரிமை கேட்டபோது, அது தரப்படமாட்டாது என்று பிரித்தானிய அரசாங்கம் 2006இல் தெளிவாக அறிவித்தது.

அச்சம் நீங்கியபின் வந்த நீதி

செயின்ற் ஹெலினா மக்கள் கல்லெறியவில்லை, கொடியை எரிக்கவில்லை. 1992இல் தீவின் ஆயர் பிரசாவுரிமை ஆணைக்குழு ஒன்றை அமைத்தார். பூட்டிய பெட்டியிலிருந்து 1673ஆம் ஆண்டுச் சாசனத்தை அக்குழு வெளியே எடுத்தது. மகாராணிக்கும் பாராளுமன்றத்துக்கும் ஐக்கிய நாடுகள் சபைக்கும் தன் வழக்கை எடுத்துரைத்தது. “நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, எங்களுடையதையே கேட்கிறோம்” என்பதே அவ்வழக்கின் உட்பொருள்.

1997ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி ஹொங்கொங் சீனாவிடம் கையளிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு மார்ச்சில் பிரித்தானிய அரசாங்கம் வெள்ளை அறிக்கையொன்றை வெளியிட்டு, எஞ்சிய பிரதேசத்தவர்க்குப் பிரசாவுரிமையைத் திருப்பிக் கொடுக்க இசைந்தது. பிரித்தானியக் கடல்கடந்த பிரதேசங்கள் சட்டம் 2002இல் நிறைவேறியது. ‘சார்பு’ என்ற சொல் நீங்கிக் ‘கடல்கடந்த’ என்ற சொல் வந்தது. சைப்பிரசிலுள்ள இராணுவத் தளங்களோடு மட்டும் தொடர்புடையோர் தவிர, ஏனையோர் அனைவரும் 2002ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி பிரித்தானியப் பிரசைகளாயினர். அந்நாள், செயின்ற் ஹெலினாவைப் போர்த்துக்கேயர் கண்ட ஐந்நூறாவது ஆண்டு நிறைவு நாள். தீவிலே மணிகள் ஒலித்த நாள் என்று அதனைக் கூறுவது பொருந்தும்.

மகிழ வேண்டியதே. ஆயினும் ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 1981இல் மறுக்கப்பட்ட நீதி 2002இல் எப்படிக் கிடைத்தது? இடையிலே சாசனம் மாறவில்லை. தீவு மக்களின் விசுவாசம் மாறவில்லை. வழக்கின் நியாயமும் மாறவில்லை. மாறியது ஒன்றே: முப்பது இலட்சம் பேரைக் கொண்ட ஹொங்கொங் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. எஞ்சிய பிரதேசத்தவர் எல்லோரையும் கூட்டினாலும் இரண்டு இலட்சம் அளவினரே. பேமியூடா முதலிய செல்வத் தீவினர் இங்கிலாந்துக்கு வந்து குடியேற விரும்பவும் மாட்டார்கள். ஆகவே கொடுப்பதிற் செலவில்லை என்று கண்டு கொடுத்தார்கள். நீதி வந்தது உண்மை. அச்சம் நீங்கியபின்னரே வந்தது என்பதும் உண்மை. செலவில்லாதபோது மட்டும் வழங்கப்படுவதை உரிமை என்பதா, உபகாரம் என்பதா?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ஒரு நாடு தன் வாசலைத் தானே காத்துக்கொள்ளக் கூடாதா? தாங்கக்கூடியவரைத்தானே ஏற்க முடியும்? இவ்வாதத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். செயின்ற் ஹெலினாவே அதற்குச் சான்று. இங்கிலாந்திலுள்ள ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் விரும்பியவாறு அத்தீவிலே சென்று குடியேற முடியாது. அதற்கு அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டுப்பாட்டை நீக்கவில்லை, நீக்காதது சரியே. 4,400 பேர் வாழும் தீவுக்குள் சில ஆயிரம் செல்வர் வந்து காணி வாங்கினால் அத்தீவு தீவினர்க்கு மிஞ்சாது. ஆகவே வாசலைக் காப்பது குற்றமன்று. உள்ளேயிருந்த உறவினனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு, வீட்டின் பெயரை மட்டும் அவன் நெற்றியில் எழுதிவைப்பதே குற்றம்.

பெற்ற உரிமையால் தீவுக்கு நட்டமும் ஏற்பட்டது. 1998இல் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்த தீவிலே, பத்தாண்டின் பின் நாலாயிரம் அளவினரே எஞ்சினர். இளைஞர் இங்கிலாந்துக்குச் சென்றனர். திரும்பி வருவதற்கும் வழி அரிதாகவே இருந்தது. ஒரேயொரு தபாற் கப்பல்தான் தீவை வெளியுலகோடு இணைத்தது. ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து முதலாவது பயணிகள் விமானச் சேவை 2017ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியே ஆரம்பமாயிற்று. செல்லும் உரிமை தீவை வெறுமையாக்கியது என்று சிலர் குறைகூறலாம். ஆயின் போகமுடியாமையினால் இருப்பவனை ஊர்ப்பற்றுள்ளவன் என்று போற்ற முடியாது. போகக்கூடியவன் இருக்கும்போதே அந்த இருப்புக்குப் பெருமை.

இரண்டாம் முறை

2002இல் பிரித்தானியப் பிரசைகளானதனால் தீவினர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் தங்கித் தொழில்செய்யும் உரிமை பெற்றனர். 2016இல் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்குவதா என்று மக்கட் தீர்ப்பு நடந்தது. கடல்கடந்த பிரதேசங்களுள் வாக்களிக்க அனுமதிக்கப்பட்டது ஜிப்ரோல்ட்டர் மட்டுமே. ஜேம்ஸ்ரவுணில் வாக்குச்சாவடி திறக்கப்படவில்லை. 2020ஆம் ஆண்டு முடிவில் இடைக்கால ஏற்பாடுகள் நீங்கியபோது, தீவினரின் அவ்வுரிமையும் நீங்கியது. யாரோ யாரையோ எண்ணிச் செய்த முடிவினால், கேட்கப்படாமலே அவர்கள் இரண்டாம் முறை ஓர் உரிமையை இழந்தனர். சார்புப் பிரதேசம் என்ற பெயரைச் சட்டம் மாற்றலாம். பிறர் முடிவில் தங்கிநிற்கும் நிலையைப் பெயர்மாற்றம் மாற்றிவிடாது.

சீட்டு உண்டு, வீடு இல்லை

இக்கதையின் மறுபக்கத்தை இந்து சமுத்திரத்திலே, நமக்குத் தெற்கே காணலாம். சாகோஸ் தீவுக் கூட்டத்தைப் பிரித்தானியா 1965இல் மொரீசியசிலிருந்து பிரித்தெடுத்தது. அதிலுள்ள தியேகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரை, ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாத மக்களைத் தம் தீவுகளிலிருந்து அகற்றி மொரீசியசிலும் சீசெல்சிலும் இறக்கியது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் கடலிலே இடருற்ற தமிழ் அகதிகளின் படகொன்று தியேகோ கார்சியாவிலே கொண்டுசேர்க்கப்பட்டபோது, நம்மிற் சிலர் அத்தீவின் பெயரை முதன்முறையாகக் கேட்டிருப்போம்.

செயின்ற் ஹெலினாவுக்கு உரிமை மீட்டளித்த அதே 2002ஆம் ஆண்டுச் சட்டம், நாடுகடத்தப்பட்ட சாகோஸ் மக்களுக்கும் அவர்தம் பிள்ளைகள் பலருக்கும் பிரித்தானியப் பிரசாவுரிமை வழங்கியது. பிற தலைமுறையினர்க்கு 2022இல் வழி திறந்தது. ஆயின் தம் சொந்தத் தீவுக்குத் திரும்பும் உரிமையை 2004இல் அரச கட்டளை ஒன்று மறுத்தது. 2008இல் பிரபுக்கள் சபையின் நீதியரசர் ஐவருள் மூவர் அக்கட்டளை செல்லும் என்று தீர்ப்பளித்தனர். செயின்ற் ஹெலினா மக்களுக்கு வீடு இருந்தது, சீட்டு இருக்கவில்லை. சாகோஸ் மக்களுக்குச் சீட்டுக் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், கடவுச்சீட்டு வெளியே செல்வதற்கான அனுமதி மட்டுமன்று என்பது புலனாகும். திரும்பி வருவதற்கு ஓரிடம் உண்டு என்ற உறுதியே அதன் உயிர்.

இதனை நமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. பிரித்தானியா அந்த ஒரே பிரசாவுரிமையை வகுத்த அதே 1948ஆம் ஆண்டிலேதான், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, எஞ்சியோர் பிறகு என்று பங்கிட்டது. கடைசியாக எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே பிரசாவுரிமை வழங்கியது. தேயிலைச் செடிக்குத் தெரிந்த தம் ஊரைச் சட்டத்துக்குத் தெரியப்படுத்த அம்மக்களுக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. செயின்ற் ஹெலினா மக்கள் காத்திருந்தது நாற்பது ஆண்டுகள்.

அம்மாணவன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஆம், இன்று அவர்கள் இலண்டனுக்குப் போய் இருக்கலாம். 1962ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரை இருக்க முடியாது. அந்நாற்பது ஆண்டுகளிலும் அவர்கள் யாதொரு தவறும் செய்யவில்லை. நெப்போலியன் பாடத்தை இப்போது நான் 1821ஆம் ஆண்டிலே முடிப்பதில்லை. சக்கரவர்த்தியின் சிறையென்று நாம் படிக்கும் அத்தீவு, அவர் இறந்தபின்னும் அங்கே வாழ்ந்த எளிய மக்களுக்கு எப்போது, யாரால், எதற்காகச் சிறையாயிற்று என்பதையும் சொல்லிய பின்னரே புத்தகத்தை மூடுகிறேன். மணி அடித்தாலும் மாணவர் சிறிது நேரம் எழுந்து போவதில்லை.